பேய் போன பிறகு செம்பாவுக்கு என்ன ஆனது: ஒரு சிறார் நாவலைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

ஒரு சிறார் ஃபேன்டஸி நாவலின் இரண்டாம் பாகத்தைத் திருத்தியபோது நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் அதன் பதிப்பாசிரியர். எழுத்தாளர், பதிப்பாளர், கைப்பிரதியை வாசித்த பிள்ளைகள் என்று யாருடைய பெயரும் இதில் வராது. நாயகிக்கும் நாவலில் வேறு பெயர்தான். இங்கே அவளைச் செம்பா என்று வைத்துக்கொள்வோம். பேய் பிடித்து விடுபட்ட ஒரு பிள்ளையை நாயகியாக வைத்து எழுதுகிறவர்களுக்கும், அப்படிப்பட்ட கதையைத் திருத்துகிறவர்களுக்கும் இது உதவலாம்.

பின்னணி

முதல் பாகத்தில் செம்பாவுக்கு 12 வயது. கற்பனை நாடு, பெரிய ஏரி, கரையில் ஒரு நடுகல். முன்னொரு வெள்ளத்தில் மடையைத் திறக்க முங்கிப் போய்த் திரும்பாதவனின் கல் அது. ஏரியைக் காக்க உயிரை விட்டவர்களைச் சாமியாகக் கும்பிடும் கதைகள் நம் ஊர்களில் உண்டு. எழுத்தாளர் அதைத்தான் எடுத்துத் தன் உலகத்துக்கு ஏற்ப மாற்றியிருந்தார்.

அந்த மடைக்காரனின் ஆவி ஆடி மாதம் செம்பாவைப் பிடிக்கிறது. தை வரை விடவில்லை. ராத்திரியில் அவள் எழுந்து போய் மடையைத் திறக்கிறாள். ஒரு ராத்திரி தண்ணீர் கட்டுக்கடங்காமல் வந்து, கீழத்தெருவில் இருந்த ஒரு பெரியவரின் ஆட்டுப்பட்டியை அடித்துக்கொண்டு போகிறது. 11 ஆடுகள். கடைசியில் கோடாங்கி வருகிறார். உடுக்கை அடித்து ‘நீ யாரு, எதுக்கு வந்த, உனக்கு என்ன வேணும்’ என்று கேட்கிறார். ஆவி பெயரைச் சொல்கிறது, கேட்டதை வாங்கிக்கொள்கிறது, போய்விடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறது. செம்பாவின் உச்சிமுடியில் ஒரு கொத்தை வெட்டிப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிக்கிறார்கள். இத்துடன் முதல் பாகம் முடிகிறது. பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது, நன்றாகவும் விற்றது.

இரண்டாம் பாகத்தின் கைப்பிரதி ஒரு ஜூன் மாதம் என் கைக்கு வந்தது.

கைப்பிரதியில் கண்டது

அடுத்த சித்திரையில் கதை தொடங்குகிறது. செம்பா தோழிகளோடு மாங்காய் பறித்துக்கொண்டிருக்கிறாள். பிடிபட்டிருந்த ஆறு மாதமும் அவளுக்கு முழுதாக நினைவிருக்கிறது. அதைத் தோழிகளுக்குச் சாகசக் கதை போலச் சொல்கிறாள். ஆவி விட்டுப்போன ஒரு திறமையும் அவளிடம் இருக்கிறது: தண்ணீரின் ஓசையைக் கேட்டே மடையில் எத்தனை முழம் நீர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். நடுவில் ஆவி திரும்பி வருகிறது. அவளைக் காப்பாற்ற ஊரார் கோயில் தூணில் சங்கிலியால் கட்டி வைக்கிறார்கள். முடிவில் அந்தத் திறமையாலேயே ஆவியை வென்றுவிடுகிறாள்.

மொழி அருமையாக இருந்தது. ஏரி கண்முன் நின்றது. ஆனால் 40 பக்கம் போன பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் விடவில்லை. இவளுக்கு உண்மையிலேயே ஏதாவது நடந்ததா? ஆறு மாதம் தன் உடம்பு தனக்குச் சொந்தமில்லாமல் இருந்த பிள்ளை இப்படியா மாங்காய் பறிப்பாள்?

எழுத்தாளரிடம் சொன்னேன். அவர் இருபதுகளில் இருக்கும் பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். “பிள்ளைங்க புக்குக்கா. சோகமா எழுதினா மூடி வச்சிருவாங்க” என்றார். அந்த அச்சம் நியாயமானதுதான். சரி, பிள்ளைகளிடமே கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

பிள்ளைகளின் வாசிப்பு

ஆகஸ்டில் ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் கூடும் ஆறு பிள்ளைகள் கைப்பிரதியை வாசித்தார்கள். 11 முதல் 14 வயது வரை. முதல் பாகத்தை எல்லோரும் முன்பே படித்திருந்தார்கள்.

பையன்களுக்கு ஓசைத் திறமை ரொம்பப் பிடித்தது. சங்கிலிக் காட்சியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அதை அப்போது நான் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். அது தவறு என்று பிறகு தெரிந்தது.

அவர்கள் கேட்ட கேள்விகளில் மூன்றை அன்றே என் நோட்டில் எழுதி வைத்தேன்.

“மிஸ், அது அவ கூட ஆறு மாசம் பேசிட்டே இருந்துச்சு. போனதுக்கு அப்புறம் அவகிட்ட யாரு பேசுவா?”

“எல்லாரும் அது நீ இல்ல, நீ இல்லன்னு சொல்றாங்க. ஆனா அந்தத் தாத்தாவுக்கு ஆடு போச்சே.”

“அவளுக்குக் கோபம் வந்தா, அது அவ கோபமா, அதோட கோபமான்னு எப்படித் தெரியும்?”

மூன்றாவது கேள்வியைக் கேட்டது குழுவிலேயே சின்னவள். அன்று ராத்திரி எழுத்தாளருக்கு அதை அப்படியே அனுப்பினேன். மறுநாள் காலையில் பதில் வந்தது: “அக்கா, திரும்ப எழுதணும்.”

நான்காவதாக ஒரு பேச்சும் நடந்தது, குழுவில் இல்லை. ஒரு சிறுமி அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தவள் கைப்பிரதியைத் திருப்பித் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். அவளுடைய உறவில் ஒரு பெண்ணை இப்படிக் கோடாங்கியிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு அந்தப் பெண் வீட்டில் எப்படி நடத்தப்பட்டார் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த வாக்கியத்தை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கான காரணம் கீழே வரும்.

ஆலோசகரிடம் கேட்டது

குழந்தைகளின் மனநலத்தில் நெடுங்காலம் வேலை செய்த ஓர் ஆலோசகரைப் பார்க்கப் போனோம். அவர் முதலில் சொன்னதே எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. “உங்க கதையில பேய் நிஜம். அதை நோய்னு மாத்திடாதீங்க. ஆனா அந்தப் பிள்ளையும் நிஜம்னு எழுதுங்க.”

பிறகு தன் துறையில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று விளக்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்னும் நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறொன்று தன்னை ஆட்கொண்டது போன்ற மயக்க நிலைக்கு அதில் தனி இடம் இருக்கிறது. ஆனால் ஒரு சமூகம் தன் வழிபாட்டின் பகுதியாக ஏற்றுக்கொண்ட அருள்வாக்கு, சாமியாட்டம் போன்றவற்றை அது கோளாறாகக் கொள்வதில்லை. விரும்பாமல் வந்து, வேதனை தந்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் அது மருத்துவத்தின் கணக்கில் வரும். கொடை விழாவில் ஆடும் சாமியாடியும் செம்பாவும் ஒன்றில்லை என்பது எழுத்தாளருக்கு அப்போதுதான் தெளிந்தது.

பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் கோளாறுக்கு அதே வகைப்பாடு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. நடந்தது இப்போதே மறுபடி நடப்பது போல அனுபவிப்பது ஒன்று. அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது இன்னொன்று. ஆபத்து இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது என்ற விழிப்பு விடாமல் இருப்பது மூன்றாவது. “நினைவு கதை மாதிரி வரிசையா வராது. வாசனையா வரும், குளிரா வரும்” என்றார் ஆலோசகர். சிறு பிள்ளைகள் நடந்ததை வாயால் சொல்வதைவிட விளையாட்டில் திரும்பத் திரும்ப நடிப்பதும் உண்டு என்றார்.

பேச்சின் கடைசியில் எழுத்தாளரே ஒன்றைச் சொன்னார். அதன் பிறகு நாவலின் திசையே மாறிப்போனது. “அக்கா, சடங்குல பேய்கிட்ட கேக்குறாங்க, உனக்கு என்ன வேணும்னு. கேட்டதைக் கொடுக்குறாங்க. அது போன பிறகு அந்தப் பொண்ணுகிட்ட யாருமே அதைக் கேக்கலையே.”

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

சங்கிலிக் காட்சியை முழுதாக நீக்கினோம். இதில் எங்களுக்குள் விவாதமே இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. கற்பனை நாடுதான் என்றாலும் தமிழில் படிக்கிற ஒரு பிள்ளையிடம், பாசத்தினால் சங்கிலியிட்டார்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்தாளர் ஏர்வாடி விபத்தின்போது பிறந்து சில மாதமே ஆன குழந்தை. நான் சொல்லித்தான் அவருக்கு அது தெரியவந்தது.

அடுத்து நினைவு. செம்பாவுக்கு அந்த ஆறு மாதம் திட்டுத்திட்டாகத்தான் நினைவிருக்கும் என்று மாற்றினோம். தான் செய்ததைத் தானே வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். தன்னைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாதது அவளுக்குப் பெரிய கூச்சம். புது வடிவத்தில் நான் அதிகம் நேசிப்பது முதல் மழைக் காட்சியை. மண்வாசனை எழும்பியதும் ஊரே முற்றத்துக்கு ஓடி வருகிறது. செம்பாவின் உள்ளங்கை மட்டும் சில்லிட்டுப் போகிறது, மடைக் கட்டையைப் பிடித்த கை. அவள் திண்ணையில் ஏறிக் கையைக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். வேறு விளக்கம் எதுவும் இல்லை. ஆறு வயதுத் தம்பியோ தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து, டப்பாவைத் தட்டிக்கொண்டு கோடாங்கி விளையாட்டு விளையாடுகிறான். அம்மா அவனை அடிக்கப் போகிறாள். செம்பாதான் தடுக்கிறாள்.

ஓசைத் திறமை பற்றி ரொம்ப நாள் பேசினோம். துன்பம் ஒரு வரம் தந்தது என்று சொல்வது ஃபேன்டஸியில் பழகிப்போன வழி. பட்ட பாட்டுக்குப் பரிசு கொடுத்தது போல அது ஆகிவிடும் என்பது என் வாதம். ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்ததைப் பறிக்கவும் மனமில்லை. கடைசியில் திறமையை வைத்துக்கொண்டோம். ஆனால் அது யாருடையது என்று அவளுக்கே தெரியாது. ஓசை கேட்டால் எண்ணிக்கை தானாக மனதில் வருகிறது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் சொல்லும்போதுகூட, “அளவுகோலை வச்சு ஒரு தடவை பாத்துருங்க” என்கிறாள்.

கோபம் பற்றிய கேள்விதான் நாவலின் நடுத்தூணாகிவிட்டது. செம்பா சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினால் வீடே அமைதியாகிவிடும். அம்மா அவள் கண்ணை உற்றுப் பார்ப்பாள். அவள் படுக்கும் அறைக் கதவில் ஒரு மணி கட்டியிருக்கிறார்கள். பாசத்தினால் கட்டியதுதான், ஆனால் அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட ஊர் விழித்துக்கொள்ளும். மற்ற பிள்ளைகள் கோபப்பட்டால் அது கோபம். செம்பா கோபப்பட்டால் அது அறிகுறி. மெல்ல அவளும் அப்படியே தன்னைப் பார்க்கத் தொடங்குகிறாள், எதற்கும் ஆசைப்படாமல், எதையும் மறுக்காமல், நல்ல பிள்ளையாக ஆகிவிடுகிறாள். ஊர் அதைக் குணமாகிவிட்டாள் என்கிறது. பேய் பிடித்திருந்ததைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அவள் அந்தக் குரலைத் தேடுவதையும் எழுதச் சொன்னேன். எழுத்தாளர் தயங்கினார். “பேயை யாராவது தேடுவாங்களாக்கா?” ஆனால் பிள்ளைகளின் முதல் கேள்வி அதுதானே. ஆறு மாதம் தூங்கும்போதும் விழிக்கும்போதும் கூடவே இருந்த ஒன்று போனால், நிம்மதியோடு ஒரு வெறுமையும் வரும். அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் அதைவிடக் கஷ்டம். ஒரு பத்தி மட்டும் எழுதினார். அது போதுமானதாக இருந்தது.

ஆட்டுக்காரப் பெரியவர் முதல் வடிவத்தில் ஒரே வரியில் மன்னித்துவிடுவார். இப்போது அவர் மன்னிப்பதும் இல்லை, பழிப்பதும் இல்லை. ஒரு நாள் செம்பா பட்டிக்குப் போய் நிற்கிறாள். அவர் ஒன்றும் பேசாமல் துறட்டியை அவள் கையில் கொடுக்கிறார். அவள் வேலமரத்தில் காயுள்ள கிளையை வளைக்கிறாள், மிச்சம் இருக்கும் ஆடுகள் தின்கின்றன. தினமும் போகத் தொடங்குகிறாள். அவளைப் பயமில்லாமல் வேலை ஏவுகிற ஒரே ஆள் அவர்தான்.

காலம் நகர்வதைக் காட்ட முடியை வைத்துக்கொண்டோம். உச்சியில் வெட்டிய இடம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். தையில் வெட்டியது சித்திரையில் முள்ளு முள்ளாக நிற்கும், அடுத்த தையிலும் பின்னலுக்குள் அடங்காது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் எத்தனை விரல்கடை என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். புளியமரத்தைப் பார்க்க அவள் போவாளா என்பதில் மட்டும் எழுத்தாளர் என் பேச்சைக் கேட்கவில்லை. போக வைத்தார். ஆணியைப் பிடுங்கவில்லை, பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். அவர் செய்தது சரி.

கடைசி முடிவு எல்லாவற்றையும்விடச் சிரமம். ஆவி திரும்பி வராது. பதிப்பாளர் இதற்கு ஒப்பவில்லை. வில்லன் இல்லாத இரண்டாம் பாகத்தை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். அச்சுக்குப் போவது ஆறு வாரம் தள்ளிப்போனது. திரும்பி வந்தால், அவளைச் சந்தேகப்பட்ட ஊர் சொன்னது சரி என்றாகிவிடும் என்று நாங்கள் இருவரும் விடாமல் வாதாடினோம். முடிவில் ஒரு வழி கண்டோம். ஒரு ராத்திரி செம்பா நடுங்குகிறாள், பிதற்றுகிறாள். ஊர் கோடாங்கிக்கு ஆள் அனுப்புகிறது. விடிந்து பார்த்தால் வெறும் காய்ச்சல். அன்று கோடாங்கிதான் முதல் ஆளாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “உனக்கு என்ன வேணும் தாயி?” என்று அவளிடமே கேட்கிறார். “அந்த மணியைக் கழட்டச் சொல்லுங்க” என்கிறாள்.

அந்தச் சிறுமி சொன்ன வாக்கியம்

அது நாவலுக்கு அவ்வளவு பொருத்தமானது. எழுத்தாளருக்குச் சொல்ல நாக்கு துடித்தது. முதலில் சிறுமியின் அம்மாவைப் பார்த்தேன், நூலகரும் கூட இருந்தார். நடந்ததைச் சொல்லி, பெயரோ அடையாளமோ இல்லாமல் அந்த விஷயத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வேண்டாங்க. அவங்களே ஒரு நாள் படிச்சா?” என்றார்.

அதோடு விட்டுவிட்டேன். எழுத்தாளரிடம் சொல்லவில்லை. கதவு மணி அந்த இடத்துக்கு அவர் தானாகக் கண்டுபிடித்தது.

பிறகு நடந்தது

திருத்திய வடிவத்தை ஜனவரியில் அதே பிள்ளைகள் வாசித்தார்கள். நடுப்பகுதி மெதுவாகப் போகிறது என்று இரண்டு பையன்கள் சொன்னார்கள், சண்டை இல்லையே என்று வருத்தம். சின்னவள் மணிக் காட்சியை இரண்டு தடவை படித்ததாகச் சொன்னாள். எழுத்தாளர் பயந்ததுபோல் யாரும் பாதியில் மூடி வைக்கவில்லை.

புத்தகம் வெளிவந்தது. முதல் பாகம் விற்ற வேகத்தில் இது விற்கவில்லை. பதிப்பாளரின் கணிப்பு அந்த அளவில் சரியாகவே இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் முதல் பாகத்துக்கு வராத மாதிரிக் கடிதங்கள் இதற்கு வந்தன. நெடுநாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த மகனைப் பற்றி ஒரு தாய் எழுதியிருந்தார். அவன் இருமினால்கூடத் தான் ஓடிப்போய் நிற்பதையும், அவன் அதனால் இருமலை அடக்குவதையும் இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் கவனித்தாராம்.

மறுபடி செய்தால்

ஆலோசகரைப் பிள்ளைகளுக்கு முன்பே பார்த்திருப்பேன். சங்கிலிக் காட்சி அவர்கள் கைக்குப் போயிருக்கவே கூடாது. அதைப் பற்றி அவர்கள் பேசாமல் இருந்ததை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். பேய் பிடித்தல், சடங்கு ஆகியவை கதையில் வரும் என்று பெற்றோரிடமும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முதல் பாகத்தைப் படித்தவர்கள்தானே என்று விட்டது என் அலட்சியம். ஒரு பிள்ளை இரண்டு வாரம் அந்தக் கதையைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

கோடாங்கியை முதல் பாகத்தில் வெறும் முடி வெட்டும் ஆளாக விட்டதும் உறுத்துகிறது. பிறர் கேட்காத கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் அவர். அதை விதைக்க முதல் பாகத்திலேயே இடம் இருந்தது.

அப்பாவை எழுதவே இல்லை. இது எங்கள் இருவருக்கும் அச்சான பிறகுதான் உறைத்தது. அம்மா மணி கட்டுகிறாள், கண்ணைப் பார்க்கிறாள், ஊரிடம் திட்டு வாங்குகிறாள். அப்பா வயலுக்குப் போகிறார், வருகிறார். எல்லாக் காவலையும் அம்மாவின் தலையில் வைத்துவிட்டு அவளையே குறை சொன்னது போல் ஆகிவிட்டது.

மூன்றாம் பாகம் இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. செம்பாவுக்கு 14 வயது, உச்சிமுடி தோளைத் தொடத் தொடங்கியிருக்கிறது. முதல் அத்தியாயத்தில் அப்பாவும் அவளும் ஏரிக்கரையில் சண்டை போடுகிறார்கள். அவள் கத்துகிறாள். அவர் அவள் கண்ணை உற்றுப் பார்க்காமல் பதிலுக்குக் கத்துகிறார்.